பாலம் பக்கத்தில்தான், ஆனால் அது உங்கள் தம்பிக்கு இல்லை

கேள்வி: என் தம்பிக்கு வயது 24, பத்தாம் வகுப்பு பாஸ். மலேசியாவில் ஜோகூர் பாரு தொழிற்சாலையில் வேலை என்று எங்கள் பக்கத்து ஏஜென்ட் ஒன்றே முக்கால் லட்சம் கேட்கிறார். ஐம்பதாயிரம் கொடுத்துவிட்டோம். “முதலில் விசிட்டில் போகட்டும், அங்கே போய் பெர்மிட் அடித்துக்கொள்ளலாம். ஆறு மாதத்தில் பாலத்தைத் தாண்டி சிங்கப்பூரில் வேலை பார்த்துவிட்டு ராத்திரி திரும்பலாம்” என்கிறார். நம்பலாமா?
- வாசகி, பட்டுக்கோட்டை

பதில்: நம்பாதீர்கள் அம்மா. மிச்சப் பணத்தைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள்.

அவர் சொன்னதில் பாதி உண்மை, வம்பே அதில்தான். ஜோகூர் பாருவுக்கும் சிங்கப்பூருக்கும் நடுவே இருப்பது ஒரு கிலோமீட்டர் பாலம். விடிவதற்கு முன்பே மோட்டார் சைக்கிள்கள் அதில் வரிசைகட்டி நிற்கும். 1973 வரை இரு நாட்டுப் பணமும் ஒன்றுக்கு ஒன்று மாறியது. இன்று ஒரு சிங்கப்பூர் வெள்ளி, அதாவது டாலர், மூன்று மலேசிய ரிங்கிட்டுக்கும் மேல். பல நாட்டு வங்கிகளும் கப்பல் வியாபாரமும் சிங்கப்பூர்க் கரையில் குவிந்தன. ஜோகூர்க் கரைக்கு வந்ததில் பெரும்பகுதி கூலி குறைந்த ஆலை வேலை. அதனால் ஜோகூர்ப் பிள்ளைகள் அக்கரைக்குப் போகிறார்கள். அவர்கள் வேண்டாமென்று விட்ட வேலைக்கு நேபாளி, வங்கதேசி, நம்மூர்ப் பையன் வருகிறார்கள். உங்கள் தம்பிக்குக் காட்டப்படுவது அந்தக் காலியிடம். மலேசியாவில் குறைந்தபட்சச் சம்பளம் 2025-லிருந்து மாதம் 1,700 ரிங்கிட். ஏஜென்ட் உங்களிடம் சொல்லும் கணக்கோ சிங்கப்பூர் வெள்ளியில்.

மலேசியாக்காரரும் சும்மா பாலம் தாண்டுவதில்லை. சிங்கப்பூர் முதலாளி எடுத்துக்கொடுத்த பெர்மிட் அவர் கையில் இருக்கும். மலேசிய பெர்மிட்டை வைத்துக்கொண்டு உங்கள் தம்பி அக்கரையில் வேலை பார்த்தால், பிடிபட்டால் 20,000 வெள்ளி வரை அபராதம், இரண்டு வருஷம் வரை ஜெயில்.

விசிட்டில் போய் பெர்மிட் அடிப்பது இன்னும் பெரிய பொய். 2023 டிசம்பரிலிருந்து இந்தியர்கள் விசா இல்லாமலே 30 நாள் மலேசியா சுற்றிவரலாம்; வேலை பார்க்கக் கூடாது. அப்படியிருக்க ஏஜென்ட் ‘விசிட் விசா செலவு’ என்று கணக்கு எழுதினால், எதற்கு என்று கேளுங்கள். போன மாதம் ஒரு பையன் அப்படி ஒரு சீட்டைக் கொண்டுவந்து காட்டினான். கோடுபோட்ட நோட்டில் கிழித்த தாள். ‘விசா 22,000’ என்று எழுதி, கீழே கையெழுத்துக்கூட இல்லை.

பத்தாம் வகுப்பு விஷயத்தைக் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள், எல்லோரும் வழுக்குவது இங்கேதான். பாஸ்போர்ட்டில் ஈ.சி.ஆர். என்று இருந்தால் மலேசியா வேலைக்குக் குடிபெயர்வு அனுமதி வேண்டும். அப்போது ஒப்பந்தத்தை அதிகாரி பார்ப்பார், பத்து லட்சம் இன்ஷூரன்ஸும் கட்டாயம். பத்து பாஸானவருக்கு அந்த முத்திரை கிடையாது, அனுமதியும் வேண்டாம். இதைத்தான் ஏஜென்ட் “பாஸ்போர்ட் கிளீன்” என்பார். கிளீன் என்றால் பேப்பர் சரி என்று அர்த்தமில்லை. அந்தப் பேப்பரை யாரும் பார்க்கப்போவதில்லை, அவ்வளவுதான். படித்தவன் தானே பார்த்துக்கொள்வான் என்று சட்டம் போட்டவர்களுக்கு நினைப்பு. மலாய் மொழி ஒப்பந்தத்தை இவன் எங்கே படிக்கப்போகிறான்?

அரசிடம் பதிவுபெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடியது அதிகபட்சம் 30,000 ரூபாயும் அதற்கு ஜிஎஸ்டியும், ரசீதோடு. பதிவு எண்ணை மத்திய அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் நீங்களே பார்க்கலாம். முதலாளி பெயரில் காலிங் விசா என்ற வேலை விசா வராமல் விமானம் ஏற வேண்டாம். சிங்கப்பூர்தான் ஆசை என்றால் முறையாகத் தொழில்திறன் டெஸ்ட் அடித்து, ஐ.பி.ஏ. என்ற வேலை முன்அனுமதிக் கடிதம் வந்தபின் போகட்டும்.

கொடுத்த ஐம்பதாயிரத்துக்குப் போலீஸில் எழுத்துமூலம் புகார் கொடுங்கள். “இது கொடுக்கல் வாங்கல் தகராறு, நீங்களே பேசிக்கொள்ளுங்கள்” என்று திருப்பி அனுப்பப் பார்ப்பார்கள். நான் கூடப் போனபோதே அனுப்பியிருக்கிறார்கள். மனு ரசீது வாங்காமல் எழுந்திருக்காதீர்கள். ஏஜென்ட் வாட்ஸ்அப்பில் அனுப்பிய குரல் பதிவுகளை அழித்துவிடாதீர்கள்.