சீனாவுல மசாஜுக்குப் போறவங்க கேளுங்க, தெரிஞ்சதைச் சொல்றேன்

நான் ஃபிசியோதெரபிஸ்ட். குவாங்சோ வந்து 11 வருஷம் ஆச்சு, இங்க ரெண்டு வருஷம் துய்னா முறையா படிச்சேன். துய்னான்னா தள்றது, பிடிக்கிறது, சீனப் பாரம்பரிய மசாஜோட பேரே அதான். நம்ம ஆளுங்க வியாபாரத்துக்கும் படிப்புக்கும் இங்க நிறைய வர்றாங்க, தெரியாம போய் படுத்துட்டு அப்புறம் எனக்கு போன் பண்றாங்க. அதனால முன்னாடியே கேட்டுடுங்க.

யிவுல துணி வியாபாரம் பண்ற ஒரு அண்ணன்: மூணு வாரமா இடுப்பு வலி, வலது கால்ல இழுக்குது. தெருமுனையில பார்வையில்லாதவங்க நடத்துற மசாஜ் கடை இருக்கு, அங்க போலாமா, ஆஸ்பத்திரியா?

அண்ணா, வெறும் இடுப்புப் பிடிப்புன்னா அந்தக் கடைக்கே போங்கன்னு சொல்லியிருப்பேன். சீனாவுல பார்வையில்லாதவங்களுக்கு மசாஜ் ஒரு முறையான தொழில், பெய்ஜிங்ல 1958ல தொடங்கின மசாஜ் ஆஸ்பத்திரியே இருக்கு, அங்க டாக்டர்கள்ல நிறைய பேர் பார்வைக் குறைபாடு உள்ளவங்க. நான் போற கடையில ஒருத்தர் இருக்கார், கட்டைவிரல் மூட்டு மத்த விரலைவிட ரெண்டு மடங்கு தடிச்சுப் போயிருக்கும், முதுகுல வெள்ளைத் துணியை விரிச்சு நீவி விட்டுட்டு ஒரே தடவை மேலருந்து கீழ கையை ஓட்டுவார், எங்க இறுகியிருக்குன்னு நான் சொல்றதுக்கு முன்னாடியே விரல் அங்க நின்னுடும்.

ஆனா கால்ல இழுக்குதுன்னு சொல்றீங்க பாருங்க, அங்கதான் எனக்கு யோசனை. கடையில பண்றது உடம்பு அலுப்புக்கான மசாஜ், வைத்தியம் பண்றதுக்குத் தனி தேர்வு, தனி லைசென்ஸ். அரசாங்க சீன மருத்துவ ஆஸ்பத்திரியில துய்னாவுக்குன்னே தனிப் பிரிவு இருக்கும், பாஸ்போர்ட்டைக் காட்டி ‘குவா ஹாவ்’ன்னு சொன்னா சீட்டு போட்டுத் தருவாங்க. அதுக்கு முன்னாடி வீட்ல ஒண்ணு பண்ணுங்க, செருப்பைக் கழட்டிட்டு குதிகால்ல மட்டும் பத்து அடி நடந்து பாருங்க, ரெண்டு பாதமும் ஒரே மாதிரி தூக்குதான்னு பார்த்துட்டு எனக்குச் சொல்லுங்க. அதுவரைக்கும் கடைக்குப் போகாதீங்க.

ஷென்சென், ஒரு தங்கச்சி: சீன மொழி சுத்தமா வராதுக்கா, போன்ல டிரான்ஸ்லேட் பண்ணிக் காட்டினா போதுமா?

பார்வையில்லாதவங்க கடைன்னா ஸ்க்ரீனைக் காட்டி என்ன பண்றதும்மா, சத்தமா ஒலிக்க விடணும். அதைவிட நாலு வார்த்தை கத்துக்கோ. நான் முதல் தடவை போனப்போ மசாஜ் பண்றவர் முழங்கையை வச்சு அழுத்திட்டு ‘ஸ்வான் பு ஸ்வான்?’னு கேட்டார். ஸ்வான்னா எனக்குத் தெரிஞ்சது புளிப்பு. முதுகு எப்படிப் புளிக்கும்னு முழிச்சேன். அப்புறம்தான் புரிஞ்சது, நம்ம ஊர்ல கை கால் உளைச்சல், கடுப்புன்னு சொல்றோமே, அதான் அந்த ஸ்வான். கனமா திம்முனு இருந்தா ஜாங். மரத்துப் போனா மா, மிளகாய்க் குழம்புல போடுற அந்தக் காரமிளகு நாக்கை மரக்க வைக்குமே, அதே மா. சுரீர்னு வலிச்சா தோங்.

வலிக்கு இத்தனை சொல் இருக்கறது நம்மளுக்குப் புதுசு இல்ல, குத்தல் குடைச்சல் உளைச்சல்னு நம்ம பாட்டிமார் சொல்லாததா. அதனால தமிழ் ஆளுக்கு இது சீக்கிரம் பிடிபடும். ஸ்வானும் ஜாங்கும் வந்தா சரியான இடத்துல கை இருக்குன்னு அர்த்தம், விட்டுடு. கரண்ட் ஓடற மாதிரி மா வந்து கைக்கோ காலுக்கோ இறங்கினா, இல்ல தோங்னா, உடனே நிறுத்தச் சொல்லு. ‘ச்சிங் இ தியென்’ன்னா கொஞ்சம் மெதுவா. பொண்ணு வேணும்னா ‘நியூ ஜிஷ்’ன்னு கேளு, தப்பா நினைக்க மாட்டாங்க. ட்ரெஸ்ஸு கழட்ட வேண்டாம், துய்னா துணி மேலதான், எண்ணெய் கிடையாது.

ஷாங்காய், ஐடி: கழுத்தைச் சட்டுனு திருப்பி சொடக்கு எடுக்கறாங்க, நல்லதா?

எடுக்க விடாதீங்க. கழுத்து எலும்புல இருக்கற ஓட்டைங்க வழியா ரெண்டு ரத்தக்குழாய் மூளையோட பின்பக்கத்துக்குப் போகுது, சட்டுனு முறுக்கினா அதோட உள்சுவர் கிழியலாம், அங்க ரத்தம் கட்டி பக்கவாதம் வரலாம். அபூர்வம்தான், ஆனா வந்தா வாழ்க்கையே போச்சு, கழுத்துப் பிடிப்பு அதுக்கு ஈடா? ஊர்ல சலூன்ல எடுக்கற சொடக்குக்கும் இதே பதில்தான். படுக்கறதுக்கு முன்னாடியே ‘பு யாவ் பான்’, திருப்பாதீங்கன்னு சொல்லிடுங்க.

அதே கம்பெனி, இன்னொருத்தர்: 3,000 குவாய் (யுவான்) கட்டினா 1,000 குவாய் இலவசம்னு கார்டு போடச் சொல்றாங்க.

போடாதீங்க. ராவோட ராவா கடையைக் காலி பண்ணிட்டுப் போன கதை இங்க ஏராளம். ஒவ்வொரு தடவையும் அன்னன்னிக்குக் காசு குடுங்க, டிப்ஸும் இங்க வழக்கமில்ல.

மனைவி 5 மாசம் முழுகாம இருக்காங்க, முதுகு வலி.

அவங்க பிரசவ டாக்டர்கிட்ட கேளுங்க. கடைக்கு வேண்டாம்.

குவாங்சோ: அம்மா மதுரையிலருந்து வந்திருக்காங்க, 64 வயசு, சுகர், போன வருஷம் ஸ்டென்ட் வச்சது. கால் மசாஜுக்குக் கூட்டிட்டுப் போலாமா, ஆசைப்படறாங்க.

ஸ்டென்ட் வச்சவங்கன்னா ரத்தம் உறையாம இருக்க மாத்திரை எடுப்பாங்க, அழுத்தின இடமெல்லாம் கன்றிப் போகும், தோல்ல கோப்பை வச்சு உறிஞ்சறது, தோலைச் சுரண்டறது ரெண்டும் வேண்டவே வேண்டாம். அதைவிட எனக்குப் பயம் அந்த மரத்தொட்டி. இங்க கால் மசாஜுன்னா முதல்ல சுடுதண்ணியில மூலிகை போட்டு காலை வைக்கச் சொல்வாங்க. சுகர்ல பாதத்துல உணர்ச்சி குறைஞ்சிருந்தா சூடு தெரியாது, அம்மா ‘நல்லா இதமா இருக்கு’ன்னு உக்காந்திருப்பாங்க, வெந்து போயிருக்கும். கொப்புளம் வந்து புண்ணாகி அவதிப்பட்ட ஒரு அம்மாவை நானே பார்த்திருக்கேன். தொட்டி வேண்டாம்னு சொல்லுங்க. புண்ணு, வெடிப்பு இருக்கான்னு நீங்களே பாதத்தைத் திருப்பிப் பாருங்க, ஒண்ணும் இல்லன்னா மெதுவா தடவி மட்டும் விடச் சொல்லுங்க. கெண்டைக்கால் ஒண்ணு மட்டும் வீங்கியிருந்தா அதுவும் கூடாது, விமானத்துல உக்காந்து வந்தவங்க, ரத்தக்கட்டு இருந்தா அமுக்கினா நகரும்.

ஒரு தம்பி: இதெல்லாம் போதிதர்மர் காஞ்சிபுரத்துலருந்து கொண்டுபோய்க் குடுத்த வர்மக்கலைதானே, அதை ஏன் சொல்ல மாட்டேங்கறீங்க?

சொல்ல மாட்டேன், ஏன்னா அது உண்மை இல்ல. கி.மு. 168ல மூடின மாவாங்துய் கல்லறையை 1973ல தோண்டினப்போ வைத்திய ஏடுகளும் உடற்பயிற்சிப் படங்களும் கிடைச்சுது. சீனாவோட பழைய வைத்திய நூல்லயே மசாஜுக்கு ‘அன்மோ’ங்கற சொல் இருக்கு. போதிதர்மர் அதுக்கெல்லாம் பல நூறு வருஷம் பின்னாடி.

வேற ஒருத்தர்: தம்பி சொல்றதுல தப்பில்லக்கா, அவர் பல்லவ இளவரசர்னு சீனாக்காரனே எழுதி வச்சிருக்கான்.

எழுதி வச்சதைப் பார்த்தா, கி.பி. 547 வாக்குல எழுதின பழைய குறிப்பு அவரைப் பாரசீகம் பக்கத்து ஆளுன்னு சொல்லுது. இன்னொரு பழைய குறிப்பு தென்னிந்திய ராஜாவோட மூணாவது மகன்னு சொல்லுது, அதுல காஞ்சின்னு இல்ல. அவர் பேர்ல சுத்துற தசைப்பயிற்சி நூல் 17ஆம் நூற்றாண்டுல வந்தது.

அதே தம்பி: அப்போ நம்ம வர்மத்துக்கு மதிப்பே இல்லங்கறீங்க.

தம்பி, என் தாத்தா தக்கலை பக்கம் வர்ம ஆசான். மரத்துலருந்து விழுந்தவங்களைக் கட்டில்ல தூக்கிட்டு வருவாங்க, அவர் எண்ணெய் தடவி இளக்கறதைப் பக்கத்துல விளக்கு பிடிச்சுப் பார்த்து வளர்ந்தவ நான். 108 வர்மமும் இளக்கு முறையும் தனி வித்தை, அதுக்குச் சீனாவோட சர்ட்டிபிகேட் எதுக்கு? அங்க போனது நம்மளோடதுன்னு சொன்னாத்தான் மதிப்புன்னா தாத்தா செஞ்சதுக்கு என்ன மதிப்பு குடுக்கறோம்? இன்னொண்ணு, சீனாக்காரங்களும் எல்லாமே ஆயிரக்கணக்கான வருஷப் பழசுன்னு சொல்லுவாங்க. ஆனா இங்க பள்ளியில முதல்ல கத்துக்குடுக்கற உருட்டு முறை, புறங்கையை முதுகுல உருட்டி உருட்டிப் போவாங்களே, அது 1940கள்ல ஷாங்காய்ல டிங் ஜிஃபெங்னு ஒருத்தர் உருவாக்கினது. புதுசுன்னு அதோட தரம் குறைஞ்சு போகல. இதை இத்தோட விடலாம், வலியோட காத்திருக்கறவங்க இருக்காங்க.

கழுத்து சொடக்கு எடுத்தா தலைவலி போகும்னு சொல்றாங்களே?

மேல ஷாங்காய் தம்பிக்குச் சொன்னதைப் படிங்க.

ஹாங்சோ, மெடிக்கல் படிக்கிற பையன்: கோப்பை வச்சுட்டு வந்தேன், முதுகெல்லாம் கருப்பு வட்டம், வீடியோ கால்ல அம்மா பார்த்து அழுதுட்டாங்க. எப்போ போகும்?

ஒரு வாரம், பத்து நாள்ல போயிடும். 2016 ஒலிம்பிக்ஸ்ல நீச்சல் வீரர் ஃபெல்ப்ஸ் தோள்ல இருந்த வட்டத்தை அம்மாவுக்குக் காட்டு. கருப்பா வந்தா விஷம் வெளியேறுதுன்னு சொல்லியிருப்பாங்க, அது தோலுக்கடியில ரத்தக்கட்டு, அவ்வளவுதான்.

குவாங்சோ: மெதுவா எடுத்தா கழுத்து சொடக்கு பரவாயில்லையா?

இல்ல. மெதுவாவும் வேண்டாம். இதுக்கு மேல இந்தக் கேள்விக்குப் பதில் எழுத மாட்டேன்.

அறுபது நிமிஷத்துக்கு எவ்வளவு ஆகும்?

நான் போற கடையில 100 குவாய் பக்கம். பாதியில ‘ஜியா ஜோங்?’னு கேட்டா நேரம் கூட்டவான்னு அர்த்தம், வேண்டாம்னா ‘பு யாவ்’.

யிவு அண்ணன் திரும்ப: நடந்து பார்த்தேன்மா. இடது பாதம் தூக்குது. வலது குதிகால்ல நிக்க முடியல, பாதம் டப்புனு தரையில விழுது. ரெண்டு நாளா படியில தட்டுது, செருப்பு சரியில்லன்னு நினைச்சேன். கடையில நாளைக்கு நேரம் வாங்கியிருக்கேன், போகட்டுமா?

அண்ணா, போகாதீங்க. செருப்பு இல்ல அது, நரம்பு நசுங்குது, பாதத்தைத் தூக்கற பலம் போயிட்டிருக்கு, இந்த நிலையில முதுகுல யாரும் கை வைக்கக் கூடாது. இன்னிக்கே பெரிய அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்க, துய்னா பிரிவு இல்ல, எலும்புப் பிரிவு, ‘கூ கெ’ன்னு கேளுங்க, காலைக் காட்டுங்க, எம்ஆர்ஐ எடுக்கச் சொல்லுவாங்க. ஒண்ணுக்குப் போறதுல சிக்கலோ, உக்கார்ற இடம் மரத்த மாதிரியோ இருந்தா ஒரு நிமிஷம் தாமதிக்காம 120க்கு அடிங்க. கூட ஒருத்தரைக் கூட்டிட்டுப் போங்க. டாக்டர் பேசறது புரியலன்னா என்னைக் கூப்பிட்டு போனை அவர்கிட்ட குடுங்க, எந்த நேரமானாலும் பரவாயில்ல.