மரச்சட்டம் போட்ட பழைய பிக்கப் தாங்குமா?

வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்கள் தாத்தா வாழைக்குலையும் ரப்பர் ஷீட்டும் ஏற்றிய செவர்லே பிக்கப் ஒன்று, 1930களில் வந்தது, வீட்டுச் சாய்ப்பில் நிற்கிறது. கேபின் தகரத்துக்கு உள்ளே முழுக்க மரச்சட்டம். ‘மரம் எல்லாம் போயிருக்கும், கழற்றிப் போட்டுவிட்டு இரும்புப் பைப்பை வெல்டு பண்ணிவிடலாம்’ என்கிறார்கள் பட்டறையில். செய்யலாமா? (வாசகர், குழித்துறை)

பதில்: செய்யாதீர்கள். கழற்றுவதற்கு முன்னால் ஒரு திருப்புளியும் டார்ச்சும் எடுத்துக்கொண்டு நீங்களே ஒருமுறை பாருங்கள். வயசானதால் மட்டும் மரம் உளுத்துப் போவதில்லை. ஈரம் இருபது சதவீதத்துக்குக் கீழே இருக்கிறவரை மரத்தை அழுகவைக்கிற பூஞ்சை வளரவே வளராது. நம் ஊரில் நூறு வருஷம் தாண்டிய ஓட்டு வீடுகளின் உத்தரம் இன்னும் கல் மாதிரி இருக்கிறதே, அதே கதைதான் இதுவும்.

வண்டியில் தண்ணீர் எங்கே தேங்குமோ அங்கே மட்டும்தான் மரம் போயிருக்கும். முதல் இடம் கதவுத் தூணின் அடிப்பாகம், அது கேபின் அடிச்சட்டத்தில் வந்து சேருகிற மூட்டு. அடுத்தது முன் கண்ணாடிக்குக் கீழே உள்ள குறுக்குச் சட்டம். அப்புறம் கூரை. அந்தக் காலத்தில் அவ்வளவு அகலத் தகட்டை ஒரே அழுத்தில் வளைக்கிற பிரஸ் பரவலாக வரவில்லை, அதனால் கூரையின் நடுவில் துணியைப் பரத்தி ஓரத்தில் ஆணியடித்து விடுவார்கள். செவர்லேயின் தாய்க் கம்பெனியான ஜெனரல் மோட்டார்ஸின் கார்களுக்கே ஒரே தகட்டுக் கூரை 1935 மாடலில்தான் வந்தது. துணி கிழிந்திருந்தால் அதன் கீழுள்ள வளைவுச் சட்டங்கள் நனைந்திருக்கும். இந்த மூன்று இடத்திலும் திருப்புளி முனையை வைத்து அழுத்துங்கள். உள்ளே இறங்கினால் அந்தத் துண்டு போய்விட்டது. கடினமாக நின்றால், மேலே எவ்வளவு கறுத்திருந்தாலும், மரம் நன்றாகத்தான் இருக்கிறது. ஆணியைச் சுற்றி மட்டும் கறுப்பு வளையமும் கையால் பிய்கிற நாரும் தெரிந்தால் அது ஆணித் துருவின் வேலை, கடல் காற்று அடிக்கிற நம் பக்கத்தில் இது கூடுதலாகவே இருக்கும். அங்கே ஆணியை எடுத்துவிட்டு நல்ல மரம் தெரிகிறவரை செதுக்கிப் பாருங்கள்.

பெரும்பாலும் அடியில் ஒரு முழம், மேலே ஒன்றிரண்டு வளைவு, இவ்வளவுதான் போயிருக்கும். போன இடத்தை மட்டும் வெட்டி எடுத்து, சாய்வாக ஒட்டுப்போட்டு புதுத் தடியை, அதாவது அறுத்த மரத்தை, சேர்த்தால் போதும். இரும்பு ஏன் வேண்டாம் என்றால், இந்த வண்டியின் சேசிஸ் பள்ளத்தில் இறங்கும்போது லேசாக முறுக்கும், மரச்சட்டம் அதோடு கொஞ்சம் நெளிந்து கொடுக்கும். தகரம் முழுக்க அந்த மரத்தில் ஆணியடித்து நிற்பது, பைப்பில் அதை எப்படிப் பிடிப்பீர்கள்? தகரத்தில் வெல்டு வைத்தால் அந்த மெல்லிய தகடு சூட்டில் கோணிக்கொள்ளும், ஒரு முறை கோணினால் பழைய வடிவம் லேசில் திரும்பாது. கதவு தொங்குகிறது, ஓடும்போது கிறீச்சிடுகிறது என்பதெல்லாம் பாதிக்கு மேல் கழுந்து, அதாவது மூட்டில் செருகிய மரமுனை, தளர்ந்ததால் வருவது. மூட்டைப் பிரித்து இறுக்கிப் பசை வைத்தால் சரியாகிவிடும்.

கேள்வி: இந்த மாதிரிச் சட்டத்துக்குப் போடுகிற அமெரிக்க ஆஷ் மரம் இங்கே கிடைக்காது. எந்தத் தடி போடலாம்? (வாசகர், திங்கள்சந்தை)

பதில்: தேக்கு, இல்லையென்றால் அயினி (காட்டுப்பலா வகை). தேக்கு கோணாது, தன் எண்ணெய்ப் பசையால் ஈரத்தையும் சிதலையும் (கரையான்) தாக்குப்பிடிக்கும். அயினி வள்ளத்துக்கே போடுகிற தடி, தண்ணீரைப் பற்றி அதற்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. இரண்டிலும் வைரம் (கறுத்த நடுமரம்) மட்டும் எடுங்கள், வெள்ளை (வெளிறிய ஓரமரம்) ஒட்டியிருந்தால் இழைத்துத் தள்ளிவிடுங்கள், பூச்சி முதலில் அங்கேதான் ஏறும். பழைய வீடு பிரித்த தடி கிடைத்தால் யோசிக்காமல் வாங்குங்கள், பல வருஷம் நன்றாக உலர்ந்து அடங்கிவிட்ட மரம், இனிமேல் பெரிதாகச் சுருங்காது. ஆனால் வாள் வைக்கிறதுக்கு முன்னால் உள்ளே பழைய ஆணி இருக்கிறதா என்று தடவிப் பார்த்துவிடுங்கள். ரப்பர் தடி கையருகே மலிவாகக் கிடைக்கிறது என்பதற்காகப் போடாதீர்கள், மருந்து ஏற்றாத ரப்பர் தடியைப் பூச்சி தூளாக்கிவிடும்.

கூரை வளைவைச் செதுக்க நேர்ப் பலகையை வளைவாக அறுத்தால் நார் குறுக்கே வெட்டுப்பட்டு அந்த இடத்தில் ஒடியும். மெல்லிய பட்டைகளாகக் கிழித்து, வளைத்து, ஒன்றின் மேல் ஒன்றாகப் பசை வைத்து ஒட்டுங்கள். பழைய டீசல், வேஸ்ட் ஆயில் எதையும் தடவ வேண்டாம், அப்புறம் பசையும் பிடிக்காது பெயின்டும் பிடிக்காது. தகரம் மூடுவதற்கு முன்னால், அறுத்த தடிமுனைகளில் இரண்டு மூன்று கோட்டிங் பிரைமர் அவசியம். தண்ணீரை அதிகமாகக் குடிப்பது முனைதான்.

கேள்வி: அந்தக் கால கார்கள் அங்கங்கே இருக்கின்றன, பிக்கப் மட்டும் ஏன் கண்ணிலேயே படவில்லை? (வாசகர், தக்கலை)

பதில்: கார் போர்டிகோவில் நின்றது, பிக்கப் மழையில் நின்றது. இரண்டாவது காரணம் ஸ்பேர். ஜெனரல் மோட்டார்ஸ் 1928ல் பம்பாயில் பாகங்களைப் பூட்டி வண்டி தயாரிக்கத் தொடங்கி 1954ல் ஆலையை மூடிவிட்டது. அதற்கப்புறம் கியர்பாக்ஸ் போனால் வண்டி காயலான் கடைக்குத்தான். மரம் போனதால் செத்த வண்டியைவிட இப்படிச் செத்த வண்டிதான் அதிகம் என்பது என் எண்ணம். அந்த வண்டியில் நம் ஆசாரி புதிதாகச் செய்து தரக்கூடிய ஒரே பெரிய பாகம் மரச்சட்டம்தானே! இங்கிலாந்தில் மார்கன் கார்களுக்கு இன்றைக்கும் ஆஷ் மரச்சட்டம்தான் போடுகிறார்கள்.

கேள்வி: நிறுத்தி வைக்கும்போது தார்ப்பாய் போட்டு மூடலாமா? (வாசகர், பூதப்பாண்டி)

பதில்: வேண்டாம். நமக்கு ஆனியிலும் மழை ஐப்பசியிலும் மழை, தார்ப்பாய்க்குள் ஆவி அடைந்து தகரத்தின் உள்பக்கம் வியர்த்து மரத்தில்தான் இறங்கும். பக்கம் திறந்த ஓட்டுச் சாய்ப்பு, சிமென்டுத் தரை, கண்ணாடி இரண்டு விரல் இறக்கி வைத்தால் போதும்.

கேள்வி: வின்டேஜ் பதிவு வாங்க மரச்சட்டத்தால் தடை வருமா? (வாசகர், மார்த்தாண்டம்)

பதில்: மரச்சட்டத்தால் வராது, அதை மாற்றினால் வரலாம். 2021ல் வந்த மத்திய அரசு விதிப்படி ஐம்பது வருஷம் தாண்டிய வண்டியின் சேசிஸ், பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. குழித்துறைக்காரர் பைப் வெல்டு செய்தால் இதில்தான் மாட்டுவார். புதுப் பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருஷம் செல்லும், ‘விஏ’ வரிசையில் நம்பர் தருவார்கள். கண்காட்சி, ராலி, பெட்ரோல் போட, பழுது பார்க்க என்று ஓட்டலாம், தினசரி ஓட்டவோ வாடகைக்கு விடவோ முடியாது. உங்களுடையது சரக்கு வண்டியாகப் பதிவானதா என்று பழைய ஆர்சி புத்தகத்தில் பார்த்து, அந்த வகைக்கு இந்தப் பதிவு கிடைக்குமா என்று மார்த்தாண்டம் ஆர்டிஓ அலுவலகத்தில் முதலில் கேளுங்கள், பணம் கட்டுவது அப்புறம். வேலை தொடங்கும் முன் ஒவ்வொரு மூட்டையும் போட்டோ எடுத்து வையுங்கள், எதை மாற்றினீர்கள் என்று கேட்டால் காட்ட உதவும்.