கனத்த டிஸ்டார்ஷனுக்கு எந்த பிக்அப் பொருந்தும்?

கேள்வி: என் எலக்ட்ரிக் கிட்டாரில் இரண்டு ஹம்பக்கர்கள் (தந்தி அதிர்வை மின்சைகையாக்கும் இரட்டைக் காயில் பிக்அப்புகள்) உள்ளன. ராக், மெட்டல் இரண்டும் வாசிக்கிறேன். ஆறாவது தந்தியை டி சுருதிக்கு இறக்கி டிஸ்டார்ஷனை ஏற்றினால், கீழ்த்தந்திகளின் ஒலி குழம்பிவிடுகிறது. அவுட்புட் மிகுந்த பிக்அப்பாக மாற்றினால் சரியாகுமா?

பதில்: சரியாகாது; குழப்பம் இன்னும் கூடுவதற்கே வாய்ப்பு அதிகம். டிமார்ஸியோ நிறுவனம் 1972இல் சூப்பர் டிஸ்டார்ஷன் பிக்அப்பைக் கொண்டுவந்தபோது, அக்கால ஆம்ப்ளிஃபையர்களில் (ஆம்புகளில்) சிக்னலைப் பெருக்கும் அளவான கெயின் குறைவாக இருந்ததால், அவற்றை உந்தித் தள்ள வலுவான பிக்அப் தேவைப்பட்டது. இன்றைய ஆம்புகளுக்கோ பெடல்களுக்கோ அந்த உந்துதல் தேவையில்லை. கீழ்ஸ்தாயி அதிர்வுகள் அளவுக்கு மீறி உள்ளே நுழையும்போது, ஆம்பின் முதல் கட்டத்திலேயே அவை நசுங்கி, பாம் மியூட் செய்யும்போது (உள்ளங்கை ஓரத்தால் தந்தியை அமுக்கி வாசிக்கும்போது) தனித்தனியாகக் கேட்க வேண்டிய அடிகளை ஒரே இரைச்சலாக்கிவிடுகின்றன. ஆகவே நீங்கள் தேட வேண்டியது, கீழ்ஸ்தாயி கட்டுக்குள் இருக்கும் பிக்அப்.

விளம்பரங்களில் காணும் கிலோஓம் எண்ணை (காயிலின் மின்தடையை) நம்பித் தேர்ந்தெடுக்காதீர்கள். 1950களின் கிப்சன் ஹம்பக்கர்கள் ஏறத்தாழ 7.5 முதல் 8.5 கிலோஓம் வரை இருந்தன. செய்மோர் டங்கன் ஜேபி 16 கிலோஓமைத் தாண்டுகிறது. இதனால் ஜேபி இருமடங்கு சத்தம் தரும் என்று பொருளல்ல. அதே எண்ணிக்கையிலான சுற்றுகளையே இன்னும் மெல்லிய செம்புக் கம்பியால் சுற்றினாலும் மின்தடை ஏறிவிடும். சுற்றுகளை உண்மையாகவே கூட்டும்போது நடுஸ்தாயி தடித்து மேல்ஸ்தாயி மங்குகிறது. சுருதியை இறக்கி வாசிப்பவருக்கு அந்த மங்கல்தான் பெரிய இழப்பு.

காந்தத்தின் வகையும் முக்கியம். அல்னிகோ 2 மென்மையாகப் பதிலளிக்கும். அல்னிகோ 5 அதைவிட வலுவாகவும் தெளிவாகவும் ஒலிக்கும். செராமிக் காந்தம் பொதுவாக இறுக்கமான, கூரிய தொடக்கத்தைத் தரும். வால்யூமைக் குறைத்து ராக் இசைக்குத் தெளிந்த ஒலியும் பெற விரும்பினால், பிரிட்ஜ் இடத்துக்கு (தந்திகள் கிட்டாரின் உடலில் பொருந்தும் முனைக்கு அருகில்) நடுத்தர அவுட்புட் கொண்ட அல்னிகோ 5 ஹம்பக்கரையே பரிந்துரைப்பேன். பெரும்பாலும் மெட்டல்தான் என்றால் செராமிக் வகைக்குப் போகலாம். இஎம்ஜி 81 போன்ற ஆக்டிவ் பிக்அப்புகள் (பேட்டரியால் இயங்கும் சிறு பெருக்கி உள்ளவை) இறுக்கமும் குறைந்த இரைச்சலும் தருபவை. ஆனால் அவற்றுக்கு 9 வோல்ட் பேட்டரியும், 25 கிலோஓம் பாட்களும் (வால்யூம், டோன் திருகிகளும்), பேட்டரி வைக்க உள்ளே இடமும் வேண்டும். கழுத்துப் பக்கம் உள்ள நெக் பிக்அப்பை இப்போது மாற்ற வேண்டாம். கனத்த ரிஃப்கள் பெரும்பாலும் பிரிட்ஜில்தான் வாசிக்கப்படுகின்றன.

பணம் செலவழிக்கும் முன் ஒரு ஸ்க்ரூடிரைவரை எடுங்கள். ஆறாவது தந்தியைக் கடைசி ஃப்ரெட்டில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, அதன் அடிப்பகுதிக்கும் பிரிட்ஜ் பிக்அப்பில் அந்தத் தந்திக்கு நேர்கீழே உள்ள போல் திருகுக்கும் இடையிலான இடைவெளியை அளந்து பாருங்கள். அது 1.5 மில்லிமீட்டருக்கும் குறைவாக இருந்தால், கனத்த தந்திகளின் பக்கத்தை மட்டும் அரைச் சுற்று அரைச் சுற்றாக இறக்கி, ஒவ்வொரு முறையும் அதே ரிஃப்பைப் பாம் மியூட் செய்து கேளுங்கள். 2.5 மில்லிமீட்டர் அளவுக்கு வருவதற்குள் அடிகள் பிரிந்து கேட்கத் தொடங்கினால், குறை பிக்அப்பில் இல்லை, உயரத்தில்தான் இருந்தது. இந்த எளிய சோதனையைச் செய்யாமல் எதையும் வாங்காதீர்கள் என்று உங்களை உண்மையிலேயே கேட்டுக்கொள்கிறேன்.

அதன் பிறகும் மாற்றத்தான் வேண்டுமென்றால், போல்களின் இடைவெளியைப் பார்த்து வாங்குங்கள். முதல் போலிலிருந்து ஆறாவது போல் வரை சுமார் 49 மில்லிமீட்டர் உள்ளவை கிப்சன் வகைப் பிரிட்ஜுக்கும், சுமார் 52 மில்லிமீட்டர் உள்ளவை ஃபெண்டர் அல்லது ஃப்ளாய்ட் ரோஸ் வகைப் பிரிட்ஜுக்கும் பொருந்தும். மெழுகில் தோய்த்த பிக்அப்பாக இருப்பது நல்லது. இல்லாவிட்டால் கெயின் ஏறும்போது காயில்களே அதிர்ந்து கீச்சிடக்கூடும். ஆக்டிவ் அல்லாத ஹம்பக்கருக்குப் பாட்கள் 500 கிலோஓமாக இருக்கட்டும், 250 என்றால் மேல்ஸ்தாயி மங்கும்.

வயர்களின் நிறக்குறியீடு நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுபடுவதால், பழைய பிக்அப்பின் நிறங்களைப் பார்த்துப் புதியதைச் சால்டர் செய்யாதீர்கள். இணைத்த பிறகு ஸ்விட்சை நடுவில் வைத்து இரண்டு பிக்அப்புகளையும் சேர்த்து ஒலிக்கவிடுங்கள். ஒலி மெலிந்து உள்ளீடற்றுக் கேட்டால் இரண்டும் எதிர்க் கட்டத்தில் இருக்கின்றன, அதாவது ஒன்றின் சிக்னலை மற்றது குறைக்கிறது. அப்போது புதிய பிக்அப்பின் ஷீல்டு வயரைக் கிரவுண்டிலேயே விட்டுவிட்டு, ஹாட் வயரையும் கிரவுண்டுக்குச் செல்லும் காயில் வயரையும் மட்டும் இடம் மாற்றிச் சால்டர் செய்யுங்கள்.