குளிசை போத்தல அம்மா பாத்துட்டா என்ன சொல்றது டாக்டர்?

கேள்வி: எனக்கு 26 வயசு. மஸ்கெலியா பக்கம் தோட்டம், இப்ப புறக்கோட்டையில ஒரு கடையில வேலை. நான் ஆம்பளைங்களோட மட்டும்தான் பழகுறவன், வீட்டுல தெரியாது. எச்.ஐ.வி வராம இருக்க முன்கூட்டியே போடுற பிரெப் குளிசைய போடலாம்னு இருக்கேன். ஆனா லீவுக்கு வீட்டுக்கு போறப்ப யாராவது போத்தல பாத்தா எனக்கு எயிட்ஸ்னு முடிவு பண்ணிருவாங்க. என்னைய மாதிரி ஆள் ஒருத்தரே "இத போடுறவன் கண்டவனோடயும் போறவன்"னு சொல்லிட்டாரு, மனசே விட்டுப்போச்சு. நான் என்ன செய்யட்டும்?

பதில்: தம்பி, அவர் சொன்ன அந்த வார்த்தையில இருந்தே ஆரம்பிக்கிறேன், ஏன்னா போத்தல விட அதுதான் உங்கள தடுத்து வச்சிருக்கு. முந்தி மலைநாட்டுல இருந்து அனுராதபுரம், வவுனியா பக்கம் போறவங்க மலேரியா வந்துரக்கூடாதுன்னு போறதுக்கு முந்தியே குளோரோகுயின் குளிசை போட ஆரம்பிச்சிருவாங்க, வீட்டு ஆளுங்களே ஞாபகப்படுத்தி குடுப்பாங்க, ஒருத்தரும் அவங்கள தப்பா பேசல. பிரெப்பும் அதே வேலைதான். இது உடலுறவோட சம்பந்தப்பட்டதுங்கிறதால மட்டும் அதுல வெக்கத்த ஒட்டி வச்சிருக்காங்க. தன் உடம்ப பாத்துக்கிறவர, தன்னோட படுக்கிறவரையும் பாத்துக்கிறவர இப்படி பேசுறது எனக்கு உண்மையிலயே கோபம் வர்ற விஷயம்.

ஒழுங்கா தினமும் போட்டா உடலுறவால எச்.ஐ.வி வர்ற ஆபத்து கிட்டத்தட்ட 99 சதவீதம் கொறையுது. உலக சுகாதார நிறுவனம் 2015லயே இத பரிந்துரை பண்ணிருச்சு. வைரஸ் உடம்புக்குள்ள வந்தாலும் அது பெருகாம இந்த மருந்து தடுக்குது, அதனால அந்த நேரம் ரத்தத்துல போதுமான மருந்து இருக்கணும்.

போத்தல் விஷயத்துல உங்க பயம் வெறும் கற்பனை இல்ல. பிரெப்ல இருக்கிற டெனோஃபோவிர் எச்.ஐ.வி வைத்தியத்துலயும் இருக்கு, தெரிஞ்ச யாராவது லேபிள வாசிச்சா குழம்பத்தான் செய்வாங்க. ஆனா ஒன்னு யோசிங்க தம்பி, "என்னைய எச்.ஐ.வி உள்ளவன்னு நெனைச்சிருவாங்களே"ங்கிற பயத்துக்குள்ளயும் எச்.ஐ.வி உள்ளவங்க மேல ஒரு வெறுப்பு ஒளிஞ்சிருக்கு. மருந்த ஒழுங்கா எடுத்து வைரஸ் டெஸ்ட்ல தெரியாத அளவுக்கு கொறைஞ்சவங்க உடலுறவால யாருக்கும் தொத்த வைக்க மாட்டாங்க. அவங்க நம்ம பயப்படவேண்டிய ஆளுங்க இல்ல.

சரி, லயத்துல ஒரே காம்பராவுல அஞ்சாறு பேரு, பூட்டு போட்ட அலமாரி எங்க இருக்கு, எனக்கு தெரியும். உங்களுக்கு உடலுறவு எப்பவாவதுதான்னா தினமும் போடாம இன்னொரு முறை இருக்கு: உடலுறவுக்கு 2ல இருந்து 24 மணித்தியாலத்துக்கு முந்தி ரெண்டு குளிசை, அந்த முதல் ரெண்டையும் போட்ட நேரத்துல இருந்து 24 மணித்தியாலம் கழிச்சு ஒன்னு, 48 மணித்தியாலத்துல இன்னொன்னு. அதுக்கு இடையில மறுபடி உறவு இருந்தா, கடைசி தடவைக்கு பிறகு ரெண்டு நாள் வரைக்கும் தினம் ஒன்னு போடணும். அப்ப தீபாவளி லீவுக்கு போத்தல கட்டித் தூக்கிட்டு போகவேண்டிய தேவையே வராம போகலாம். ஹெபடைடிஸ் பிங்கிற ஈரல் வைரஸ் இருக்கிறவங்க டாக்டர்கிட்ட கேக்காம இந்த முறைய எடுக்க வேணாம், விட்டு விட்டு போட்டா ஈரல் பாதிக்கலாம்.

அதனாலதான் கூட்டாளிகிட்ட ரெண்டு குளிசை வாங்கி போட்டுப் பாக்கிறது வேணாம். முதல்ல எச்.ஐ.வி டெஸ்ட் பண்ணனும், ஏற்கனவே வைரஸ் இருந்து தெரியாம பிரெப் மட்டும் போட்டா மருந்துக்கு மசியாத வைரஸ் உருவாகலாம். சிறுநீரகத்தையும் பாக்கணும், பிறகு மூனு மாசத்துக்கு ஒருக்கா டெஸ்ட். ஆரம்பத்துல கொஞ்சம் குமட்டல், தலைவலி வரலாம், போயிரும். சிபிலிஸ், கொனோரியா மாதிரி மத்த பாலியல் நோய்கள இது தடுக்காது, கொண்டம் வேணும்.

நீங்க ஊர்ல காட்டிக்க விரும்பலன்னா புறக்கோட்டையில இருந்து பக்கத்துலயே மருதானையில டி சேரம் பிளேஸ்ல தேசிய பாலியல் நோய், எயிட்ஸ் கட்டுப்பாட்டு நிகழ்ச்சித்திட்டத்தோட கிளினிக் இருக்கு, காசு இல்ல. கண்டி, நுவரெலியா, பதுளையிலயும் எஸ்.டி.டி கிளினிக், அதாவது பாலியல் நோய் கிளினிக் இருக்கு. ஆம்பளையோட உறவு வச்சிருக்கேன்னு டாக்டர்கிட்ட நேராவே சொல்லுங்க. ஆம்பளைங்களுக்குள்ள உறவ குத்தமா பாக்குற 365ம் 365ஏயும் தண்டனைச் சட்டத்துல இன்னும் இருக்குதான், ஆனா டெஸ்ட் எடுக்கிறதும் குளிசை வாங்கிறதும் குத்தம் இல்ல.

நான் முந்தி வேலை செஞ்ச ஒரு ஆஸ்பத்திரியில ஒரு பையன் டெஸ்டுக்கு வந்து, வரிசையில நின்ன எல்லாருக்கும் கேக்கிற மாதிரி ஒரு ஊழியர் "என்னத்துக்கு வந்த"ன்னு சத்தம் போட்டதுல அப்படியே திரும்பிப் போயிட்டான். பிறகு அவன் வரவேயில்ல, எனக்கு இன்னும் அவன் மொகம் ஞாபகம் இருக்கு. உங்களுக்கும் யாராவது அப்படி பேசினா அங்கருந்து எழும்பி வேற கிளினிக்குக்கு போங்க, வீட்டுக்கு மட்டும் போயிராதீங்க.

இன்னொன்னு, அவசரம். கடந்த 72 மணித்தியாலத்துக்குள்ள கொண்டம் இல்லாம உறவு இருந்திருந்தா பிரெப்ப பத்தி யோசிக்கிறத பிறகு வச்சுக்கலாம், இன்னைக்கே போய் பெப் கேளுங்க, அது உறவுக்கு பிறகு எச்.ஐ.வி தொத்தாம தடுக்க 28 நாள் போடுற மருந்து, எவ்வளவு சீக்கிரம் ஆரம்பிக்கிறீங்களோ அவ்வளவு நல்லது.