வாசல் ஏற்றத்தை அளக்காமல் வண்டி புக் பண்ணாதீங்க டீச்சர்

கேள்வி: அண்ணா, எங்கள் வீடு அழகியமண்டபத்திலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி. நாகர்கோவிலில் ஒரு பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். போக 20 கிலோமீட்டர், வர 20. இதுவரை ஸ்கூட்டர்தான், இனி மழையில் நனைய முடியாது என்று கார் வாங்கப் போகிறோம், எல்லாம் சேர்த்து 10 லட்சத்துக்குள். கியர் வண்டியில் ஓட்டிப் படித்து லைசென்ஸ் எடுத்திருக்கிறேன். ஆனால் ஏற்றத்தில் நிறுத்தி எடுக்கும்போது வண்டி ஒரு சாண் பின்னால் உருண்டாலே கை கால் நடுங்குகிறது. எங்கள் வீட்டுக்கோ சானல்கரை (கால்வாய்க் கரை) ரோட்டிலிருந்து ரப்பர் விளை வழியாக நல்ல ஏற்றம் ஏறணும். ஷோரூமில் "ஆட்டோமேட்டிக் எடுங்க மேடம், 50 ஆயிரம்தான் கூட" என்கிறார்கள். மாமாவுக்கு 70 வயது, இடது முட்டில் வலி, அவரும் சில நேரம் ஓட்டுவார், ஆனாலும் "கியர் போடாதது ஒரு வண்டியா" என்கிறார். வீட்டுக்காரர் ஷார்ஜாவில், "ஆட்டோமேட்டிக்கே எடு" என்கிறார். எதை எடுக்க?

பதில்: டீச்சர், ஆட்டோமேட்டிக் எடுங்கள். ஆனால் ஷோரூமில் சொன்ன அந்த 50 ஆயிரம் ரூபாய் ஆட்டோமேட்டிக் உங்கள் வீட்டு ஏற்றத்துக்கு ஒத்துவருமா என்று பார்க்காமல் அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள்.

50 ஆயிரம்தான் கூட என்றால் அது ஏ.எம்.டி. நம் நாட்டில் 2014-இல் மாருதி செலெரியோவோடு பரவ ஆரம்பித்த சங்கதி, இப்போது சின்ன வண்டிகளில் பாதிக்கு மேற்பட்ட மாடல்களில் இது கிடைக்கும். உள்ளே இருப்பது சாதாரண கியர் வண்டியின் அதே கியர்பாக்ஸ், அதே கிளட்ச் பிளேட். உங்கள் இடது காலுக்குப் பதில் ஒரு சின்ன மெஷின் கிளட்ச்சைச் சவுட்டி விடுகிறது, கியரையும் அதுவே மாற்றுகிறது, அவ்வளவுதான் வித்தியாசம். சமதளத்தில் அருமையான ஏற்பாடு. தோவாளை, அகஸ்தீஸ்வரம் பக்கத்து வயல்காட்டு ரோட்டில் ஓட்டுகிறவர் கேட்டிருந்தால் மறுபேச்சே இல்லாமல் எடுங்கள் என்றிருப்பேன். நம்ம கல்குளம், விளவங்கோடு பக்கம் அப்படி இல்லையே, ஒரு மேடு ஏறி இறங்கினால் அடுத்த மேடு நிற்கும், வீடு பெரும்பாலும் அந்த மேட்டின் உச்சியில் இருக்கும்.

குலசேகரம் பக்கத்திலிருந்து ஒருத்தர் என் ஒர்க்‌ஷாப்புக்கு வண்டி கொண்டுவந்தார், ஏ.எம்.டி., வாங்கி இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. ஆக்ஸிலேட்டர் கொடுத்தால் எஞ்சின் கத்துகிறது, வண்டி நகரமாட்டேன் என்கிறது. கழற்றிப் பார்த்தால் பிரஷர் பிளேட் நீலம் பாய்ந்து கிடக்கிறது, கிளட்ச் பிளேட் லைனிங் கருகி, தொட்டால் பொடியாக உதிர்கிறது. எப்படி ஓட்டுகிறீர்கள் என்று விசாரித்தேன். அவர் வீட்டு கேட் ஏற்றத்தின் உச்சியில். வீட்டம்மா வந்து கேட்டைத் திறக்கும் வரை பிரேக்கில் கால் வைக்காமல் ஆக்ஸிலேட்டரை லேசாக மிதித்து வண்டியை அப்படியே தொங்கலில் நிறுத்தி வைத்திருப்பாராம், காலையும் மாலையும், சில நாள் மத்தியானமும். அந்த ஒவ்வொரு நிமிஷமும் பிளேட் வழுக்கி வழுக்கி எரிந்திருக்கிறது. கியர் வண்டியிலும் இப்படிச் செய்தால் எரியும்தான், ஆனால் அங்கே கிளட்ச் உங்கள் காலுக்கடியில் இருப்பதால் ஒரு உதறல் வரும், ஏதோ தப்பு என்று உறைக்கும். ஏ.எம்.டி.யில் நாற்றம் வந்த பிறகுதான் தெரியும். சில வண்டிகளில் எச்சரிக்கை விளக்கு எரியும், அதைப் பார்க்கிறவர் யார்?

அதனால் முதல் வேலை, ஏற்றத்தை அளப்பது. கொத்தனாரிடம் ரசமட்டம் இருக்கும், ஒரு மீட்டர் நீளமுள்ள நேரான கம்பையும் எடுத்துக்கொள்ளுங்கள். கம்பின் ஒரு முனையை ஏற்றத்தில் மேல் பக்கமாகத் தரையில் வைத்து, ரசமட்டம் சமம் காட்டும் வரை மறு முனையைத் தூக்குங்கள். தூக்கிய முனைக்கும் தரைக்கும் நடுவில் எத்தனை சென்டிமீட்டரோ அத்தனை சதவீதம் சரிவு. மூணு நாலு இடத்தில் அளந்து பாருங்கள், கேட் பக்கத்தில் கட்டாயம். மலைச் சாலை போடுகிறவர்களே பொதுவாக 5, 6 சதவீதத்தைத் தாண்டாமல் பார்ப்பார்கள், நம்ம ஊரில் வீட்டுப் பாதைக்கு காங்கிரீட் போடுகிறவர்கள் 20 வந்தாலும் கண்டுகொள்வதில்லை. என் கணக்கு இது: 12-க்குள் இருந்தால் ஏ.எம்.டி. தாராளமாக எடுக்கலாம். 15-ஐத் தாண்டினால், அதிலும் பாதி ஏற்றத்தில் நிறுத்தி எடுக்க வேண்டியிருந்தால், வேண்டாம்.

அப்போ என்ன எடுக்க? ஆயில் வழியாக இழுக்கிற ஆட்டோமேட்டிக் எடுங்கள், அதாவது டார்க் கன்வெர்ட்டர், அல்லது ஹோண்டா அமேஸில் வருவது போன்ற சி.வி.டி. டார்க் கன்வெர்ட்டர் என்பது எண்ணெய்க்குள் எதிரெதிரே வைத்த இரண்டு ஃபேன் என்று நினைத்துக்கொள்ளுங்கள், ஒன்று சுழன்றால் எண்ணெய் தள்ளி மற்றது சுழலும், உரசித் தேய்வதற்கு நடுவில் பிளேட் இல்லை. சி.வி.டி.யில் பல் கியருக்குப் பதில் விரிந்து சுருங்கும் இரண்டு புல்லியும் ஒரு இரும்பு பெல்ட்டும், அதனால் கியர் மாறும் குலுக்கலே கிடையாது. உங்கள் ஸ்கூட்டரும் ஒரு வகையில் இதே ஏற்பாடுதான், புல்லியும் பெல்ட்டும், அதனால் உங்களுக்குப் புதுசாகவே தோன்றாது. குறை உண்டு, நாலு பேரோடு நல்ல ஏற்றம் ஏறும்போது எஞ்சின் ஓவென்று கத்தும், வேகம் பின்னாலேயே மெதுவாக வரும். கத்தட்டும். பொறுமையாக ஏறினால் போதும். டூயல் கிளட்ச் என்று இன்னொன்றும் இருக்கிறது, உங்கள் பட்ஜெட்டுக்கும் உங்கள் ஓட்டத்துக்கும் அது தேவையில்லை, விட்டுவிடலாம்.

காசு விஷயம். அமேஸில் கியருக்கும் சி.வி.டி.க்கும் ஒரு லட்சத்துக்கு மேல் வித்தியாசம் வரும். தமிழ்நாட்டில் சாலை வரி 5 லட்சத்திலிருந்து 10 லட்சம் வரை விலையுள்ள வண்டிக்கு 13 சதவீதம், அதைத் தாண்டினால் 20 லட்சம் வரை 18. வரி, இன்சூரன்ஸ் எல்லாம் சேர்ந்து 10 லட்சத்துக்குள் நிற்க வேண்டும் என்றால் ஷோரூம் விலை எட்டரையைத் தாண்டாமல் பார்க்கணும், ஆக கீழ் மாடல் சி.வி.டி. மட்டும்தான் கஷ்டப்பட்டு உள்ளே வரும். சன்ரூஃபையும் பெரிய டச் ஸ்கிரீனையும் மறந்துவிடுங்கள். அந்தக் காசு கியர்பாக்ஸுக்குப் போகட்டும்.

சி.வி.டி.க்குக் கை எட்டவில்லை, ஏற்றமும் 15-க்கு மேல் என்றால், நான் ஏ.எம்.டி. சொல்ல மாட்டேன், கியர் வண்டியே சொல்வேன். உங்களுக்கு இது பிடிக்காது என்று தெரியும். ஆனால் உங்கள் பயம் கியரைப் பற்றியது இல்லை, பின்னால் உருள்வதைப் பற்றியது. இப்போது வரும் பல கியர் வண்டிகளிலும் ஹில் ஹோல்டு இருக்கிறது, பிரேக்கிலிருந்து காலை எடுத்தபிறகும் இரண்டு வினாடி வண்டியைப் பிடித்து வைத்திருக்கும். அதுவும் பயம் என்றால் ஹேண்ட் பிரேக் போட்டு எடுக்கப் பழகுங்கள். ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு, ஃபர்ஸ்ட் கியர் போட்டு, லேசாக ஆக்ஸிலேட்டர் கொடுத்துக்கொண்டே கிளட்ச்சைப் பைய விடுங்கள். ஒரு இடத்தில் வண்டியின் மூக்கு தூக்கும், பானெட் ஒரு விரற்கடை எழும்புவது உட்கார்ந்த இடத்திலேயே தெரியும். அங்கே இடது காலை நிறுத்தி ஹேண்ட் பிரேக்கை இறக்கினால் வண்டி முன்னால்தான் போகும். டிரைவிங் ஸ்கூலில் இதை ஒழுங்காகச் சொல்லித் தருகிறவர்கள் குறைவு. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் இருபது தடவை செய்தால் நடுக்கம் போய்விடும்.

ஆனாலும் நாகர்கோவில் ரோட்டை நினைத்தால் மனசு ஆட்டோமேட்டிக் பக்கம்தான் போகிறது. தக்கலையில் ஒரு நெரிசல், வில்லுக்குறியில் ஒன்று, பார்வதிபுரம் வருவதற்குள் முன்னால் கல் ஏற்றிய டிப்பர் லாரி ஒன்று கண்டிப்பாக ஊர்ந்துகொண்டிருக்கும், பள்ளி மணி அடிப்பதற்குள் போகணும் என்ற பதற்றம் வேறு. கிளட்ச்சை மிதித்து மிதித்து இடது கால் ஓய்ந்துவிடும். தினமும் 40 கிலோமீட்டர், வருஷத்துக்கு எப்படியும் 10 ஆயிரத்தைத் தாண்டும்.

மாமாவைப் பற்றி. இடது முட்டு வலி இருக்கிறவருக்கு கிளட்ச் வேண்டாம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் வாழ்நாள் முழுக்க கியர் வண்டி ஓட்டிய ஆளிடம் ஆட்டோமேட்டிக்கைக் கொடுத்தால் முதல் மாசம் ஆபத்து. நான் முதல்முதலாக ஒரு ஆட்டோமேட்டிக் ஓட்டியபோது, தக்கலை பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் வேகம் குறைக்க நினைத்ததும் இடது கால் தானாகப் போய் கிளட்ச் என்று நினைத்து அந்த அகலமான பிரேக்கை ஒரே சவுட்டு சவுட்டிவிட்டது. பின்சீட்டில் வைத்திருந்த குளச்சல் சாளை மீன் பை பறந்து டேஷ்போர்டில் வந்து விழுந்தது. கஸ்டமர் வண்டி வேறு, மூணு நாள் நாற்றம் போகவில்லை. இது சிரிப்பு, ஆனால் வீட்டு வாசலில் வண்டியைத் திருப்பும்போது பிரேக் என்று நினைத்து ஆக்ஸிலேட்டரை அழுத்திவிடுவது சிரிப்பு இல்லை. இடது காலைப் பின்னால் இழுத்து வைத்துவிடணும், இரண்டு பெடலுக்கும் வலது கால்தான், குதிகால் பிரேக்குக்கு நேராகத் தரையில் ஊன்றி, ஆக்ஸிலேட்டருக்கு விரல்பக்கத்தை மட்டும் திருப்பணும். மாமா பத்து நாளாவது காலி மைதானத்தில் ஓட்டிய பிறகு ரோட்டுக்கு வரட்டும். நீங்களும்தான்.

உங்கள் வீட்டுக்காரர் சொல்வதிலும் நியாயம் உண்டு. ஷார்ஜாவில் ஆட்டோமேட்டிக்கில் டெஸ்ட் கொடுத்து எடுத்த லைசென்ஸ் என்றால் அங்கே கியர் வண்டி ஓட்ட முடியாது, நம்ம ஊர் எல்.எம்.வி. லைசென்ஸில் அப்படிப் பிரிவு கிடையாது. லீவில் வந்து ஸ்டியரிங் வலது பக்கம், கியர் இடது கை, கூடவே கிளட்ச் என்று மூணையும் ஒரே நேரத்தில் சமாளிப்பதைவிட ஆட்டோமேட்டிக் அவருக்கு எளிது.

மைலேஜ் குறையும் என்று யாராவது சொன்னால், பழைய கதை. கம்பெனிக் கணக்கில் ஸ்விஃப்ட் கியர் 24.80, ஏ.எம்.டி. 25.75, அமேஸ் கியர் 18.65, சி.வி.டி. 19.46. ரோட்டில் இரண்டுமே இதைவிடக் குறையும், நெரிசலில் சி.வி.டி. இன்னும் கொஞ்சம் குடிக்கும். லிட்டருக்கு 2 கிலோமீட்டர் குறைந்தாலும் உங்கள் ஓட்டத்துக்கு வருஷம் சுமார் 7 ஆயிரம் ரூபாய்தான். பேட்டரி இறங்கினால் தள்ளி ஸ்டார்ட் பண்ண முடியாது என்பதுதான் உண்மையான தொல்லை. ஒரு ஜம்பர் கேபிள் வாங்கி டிக்கியில் போடுங்கள்.

ஏ.எம்.டி.தான் எடுத்தீர்கள் என்றால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள், பெரும்பாலானவற்றில் பார்க்கிங்குக்கான 'பி' கிடையாது. நியூட்ரலில் விட்டு இறங்கினால் ஹேண்ட் பிரேக் மட்டும்தான் காவல். கியரில் போட்டு, எஞ்சினை அணைத்து, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, டயருக்கு ஒரு கல்லும் வையுங்கள். இறக்கத்தில், பேச்சிப்பாறை, காளிகேசம் என்று பிள்ளைகளோடு போனால், 'டி'யிலேயே (வண்டியே கியர் மாற்றும் டிரைவ்) விட்டு பிரேக்கை மிதித்துக்கொண்டே வராதீர்கள், 'எம்'மிலோ (நாமே கியர் மாற்றும் மேனுவல்) 'எல்'லிலோ (தாழ்ந்த கியர்) போட்டு எஞ்சினே வண்டியைப் பிடிக்க விடணும்.

டெஸ்ட் டிரைவை ஷோரூம் வாசலில் முடித்துக்கொள்ளாதீர்கள். வண்டியை வீட்டுக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள், கொண்டுவருவார்கள். மாமாவையும் பிள்ளைகளையும் ஏற்றி, ஏ.சி. போட்டு, பாதி ஏற்றத்தில் நிறுத்தி எடுங்கள். மேலே வண்டி திருப்ப இடம் இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இல்லையென்றால் தினமும் ஒரு தடவை ரிவர்ஸில் ஏறணும், அல்லது ரிவர்ஸில் சானல்கரைக்கு இறங்கணும், எதிரில் சானல் வாய் பிளந்து கிடக்கும். ரிவர்ஸில் ஏறுவதுதான் ஏ.எம்.டி.க்கு மகா கஷ்டம், ஒரு அடி நகர்த்தப் போனால் மூணு அடி பாயும். அதையும் செய்து பாருங்கள், அங்கேயே உங்களுக்கு முடிவு தெரிந்துவிடும்.

இன்னொன்று, அந்த காங்கிரீட்டில் ரப்பர் நிழலுக்கு ஜூன் முதல் நவம்பர் வரை பாசி பிடித்திருக்கும், எந்த கியர்பாக்ஸ் வண்டியானாலும் டயர் நின்ற இடத்திலேயே சுற்றும். கம்பால் அளக்க வரும் கொத்தனாரிடமே குறுக்காக வரி வரியாக வெட்டிவிடச் சொல்லுங்கள், ஒரு நாள் கூலிதான். அளவை எனக்கு எழுதுங்கள், கேட் பக்கத்து அளவைத் தனியாக.