நீல ஓடு: எடுத்துவிடலாமா?

கேள்வி: தீபாவளி திறந்த இல்ல உபசரிப்பு என்றால் எங்கள் வீட்டுக் கூடத்தில் மாரியோ கார்ட் 8 டீலக்ஸ் என்ற வண்டிப் பந்தய வீடியோ கேம்தான். கடைசியில் ஒரே அழுகை. பெரியவன் முதலில் போவான், எல்லைக்கோட்டுக்குப் பக்கத்தில், பின்னால் வருகிறவர் எறிய, முதல் ஆளைத் தேடிப் போகும் நீல ஓடு வந்து அவனை அடிக்கும். சின்னவள் எப்போதும் கடைசி. இத்தனை வருடமாக வருகிற விளையாட்டு, இதைச் சரிசெய்யக் கூடாதா அண்ணே? (வாசகி, செந்தூல்)

பதில்: நீல ஓடு 1996இல் வந்த மாரியோ கார்ட் 64 காலத்து ஆள், தங்கச்சி. பிடிக்கவில்லை என்றால் விஎஸ் ரேஸ் பிரிவில் கஸ்டம் ஐட்டம்ஸ் (எந்தப் பொருட்கள் வரலாம் என்று நாமே தேர்ந்தெடுப்பது) போய் அதை மட்டும் அணைத்துவிடலாம். அப்டேட்டில் வந்த வசதி. நான் அணைக்க மாட்டேன். பெரியவன் ஒருமுறையாவது அடி வாங்கட்டும்!

என் குறை வேறு. பின்னால் வருகிறவருக்கு வேகம் தரும் நட்சத்திரம், முன்னால் போகிறவருக்கு நாணயமும் வாழைப்பழத் தோலும் என்று எல்லாவற்றையும் அதிர்ஷ்டத்தை வைத்தே சமன் செய்கிறார்கள். வேகத்தில் கை வைக்கலாமே? இப்போது வேக அளவு 150சிசி என்றால் எல்லோருக்கும் 150சிசி. ஆளுக்கு ஆள் மாற்ற விடுங்கள்: பெரியவனுக்கு 100, சின்னவளுக்கு 150. அவள் பள்ளத்தில் விழாமல் இருக்க ஸ்மார்ட் ஸ்டியரிங் ஏற்கெனவே இருக்கிறது. பேட்மிண்டனில் சின்னப் பிள்ளைக்கு ஐந்து புள்ளி முதலிலேயே விட்டுக்கொடுப்போமே, அப்படித்தான். அதுவரை டீம் ஆட்டம் போட்டு, அண்ணனையும் தங்கையையும் ஒரே அணியில் வையுங்கள். அவள் எடுக்கும் இரண்டு புள்ளிக்காக அவன் கத்திக் கத்தி வழி சொல்லுவான்.

அப்புறம், 2003இல் கேம்கியூப் என்ற பழைய கேம் கருவிக்கு வந்த மாரியோ கார்ட் டபுள் டாஷைத் திரும்பக் கொண்டுவர வேண்டும். ஒரே வண்டியில் இரண்டு பேர். ஒருவர் ஓட்ட, இன்னொருவர் பின்னால் நின்று எறிவார். எங்கள் அம்மாவுக்கு வண்டி நேராகவே போகாது, முதல் வளைவிலேயே சுவரில் முட்டி நிற்பார். ஆனால் ஓடு எறிவதென்றால், மருமகனைக் குறிபார்த்து எறிவார். தாத்தா பாட்டியைச் சோபாவை விட்டு நகரவிடாத ஏற்பாடு அது. அதற்குப் பின் வந்த பாகங்களில் அதைக் காணோம்.

கேள்வி: லோ யாட் மின்னணுக் கடைவளாகம் பக்கம் போனாலே ஸ்விட்ச் 2 கேம் கருவி, அதில் ஓடும் மாரியோ கார்ட் வேர்ல்ட் என்று மகன் நச்சரிக்கிறான். வாங்கலாமா? (வாசகர், பிரிக்பீல்ட்ஸ்)

பதில்: ஸ்விட்ச் 2 இல்லாமல் வேர்ல்ட் ஓடாது, பையன் அந்த மட்டும் சரியாகத்தான் சொல்கிறான். 2025இல் வந்தது, ஒரே பந்தயத்தில் 24 வண்டிகள். அதில் நாக்அவுட் டூர் நல்ல யோசனை: ஒவ்வொரு கட்டத்திலும் கடைசி நான்கு பேர் வெளியே. ஆனால் முதல் கட்டத்திலேயே வெளியேறிய குழந்தை என்ன செய்யும்? வேடிக்கை பார்க்கும், இல்லையென்றால் முறுக்கு எண்ணெய்க் கையோடு அடுத்தவன் கன்ட்ரோலரைப் பிடுங்கும். வெளியேறியவர்கள் வழியில் வாழைப்பழத் தோல் போடவாவது விட்டிருக்கலாம். பழைய ஸ்விட்ச் இருந்தால் 8 டீலக்ஸே போதும். கூடுதல் பாதைகளையும் வாங்கினால் மொத்தம் 96. அதை முடிக்கட்டும், பிறகு நச்சரிக்கட்டும்.