எண்ணெய் பாட்டிலோடு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்

கேள்வி: நாங்கள் திருநெல்வேலிக்காரர்கள். பல வருடமாக லிவர்பூலில் இருக்கிறோம். இளைய மகளுக்கு 17 வயது. 13 வயதில் கழுத்தில் ஒரு வெண்புள்ளி வந்தது. இப்போது முழங்கை, இடது கண் இமை என்று பரவியிருக்கிறது. ஆஸ்பத்திரியில் வாரம் இரண்டு நாள் லைட் சிகிச்சை தருவதாகச் சொன்னார்கள். பஸ்ஸில் 45 நிமிடம், மாதக்கணக்கில் ஆகுமாம். ஆகஸ்டில் மூத்தவளுக்கு ஊரில் கல்யாணம். இளையவளுக்கு இப்படி இருப்பது மாப்பிள்ளை வீட்டாருக்குத் தெரியாது. எங்கள் தெருமுனையில் ஒரு சன்பெட் கடை (விளக்குப் படுக்கையில் படுத்துத் தோலைப் பழுப்பாக்கும் கடை) இருக்கிறது. அதுவும் லைட்தானே என்று ஒன்றரை மாதமாகக் கூட்டிப் போகிறேன். வயது 18 என்று சொல்லிவிட்டேன். ஆறு நிமிடம் படுக்கிறாள். போகும் முன் என் அம்மா ஊரிலிருந்து அனுப்பும் கார்போகரிசி எண்ணெயைத் தடவிவிடுவேன். நாட்டு மருந்துதான், கெடுதல் இல்லை. வேறு ஏதாவது போடுகிறீர்களா என்று ஆஸ்பத்திரி நர்ஸ் கேட்டார். இதெல்லாம் அவர்களுக்குப் புரியாது என்று ‘இல்லை’ என்றேன். இரண்டு வாரமாகக் கழுத்து எரிகிறது என்கிறாள். என் வீட்டுக்காரருக்கு எதுவும் தெரியாது. ஆறு நிமிடத்தைப் பத்தாக்கினால் கல்யாணத்துக்குள் நிறம் வந்துவிடுமா?
— பெயர் வேண்டாம், லிவர்பூல்

பதில்:

பத்து நிமிடமா, ஆறு நிமிடமா என்ற கணக்குக்கு நான் வரவில்லை. ஒரு நிமிடம்கூட வேண்டாம். சன்பெட், எண்ணெய் இரண்டையும் இன்றே நிறுத்துங்கள். கழுத்தில் கொப்புளம் இருந்தாலோ, வீங்கியிருந்தாலோ, காய்ச்சல் அடித்தாலோ இதை மேற்கொண்டு படிக்காமல் பெண்ணை எமர்ஜென்சிக்கு அழைத்துப் போங்கள். அது எதுவும் இல்லையென்றால் 111 என்ற மருத்துவ உதவி எண்ணுக்குப் போன் செய்து, நடந்ததை ஒன்று விடாமல் சொல்லுங்கள். முக்கியமாக அந்த எண்ணெயைச் சொல்லுங்கள்.

உங்கள் கடிதத்தில் கல்யாணத்துக்கு நாலு வரி, பஸ்ஸுக்கு ஒரு வரி. எண்ணெயை மட்டும் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது அங்கேதான். வெண்புள்ளியை மறைக்கிற அம்மாக்களிடமிருந்து எனக்கு நிறைய கடிதம் வருகிறது. கழுத்து வரை ஏற்றித் தைத்த ரவிக்கை, விசேஷத்துக்குக் கூட்டிப் போகாமல் வீட்டில் விட்ட பெண் என்று எல்லாம் படித்திருக்கிறேன். பெற்ற பெண்ணின் தோலில் மருந்தைத் தடவி, அதன்மேல் விளக்கையும் போட்டுவிட்டு, மருந்தே இல்லை என்று நர்ஸிடம் சொன்ன அம்மாவை இப்போதுதான் பார்க்கிறேன்.

‘நாட்டு மருந்துதான், கெடுதல் இல்லை’ என்கிறீர்கள். கார்போகரிசி சும்மா பூசிக்கொள்கிற வாசனைப் பொடி கிடையாது. அந்த விதையில் சோராலென் என்ற பொருள் இருக்கிறது. இருட்டில் அது பாட்டுக்குச் சும்மா கிடக்கும். புற ஊதாக் கதிர் பட்டதும் விழித்துக்கொண்டு தோல் செல்லுக்குள் வேலையை ஆரம்பிக்கும். வெண்புள்ளிக்கு அதைத் தடவி வெயில் காட்டச் சொன்ன நம் முன்னோர்கள் ஒன்றும் அறியாதவர்கள் இல்லை. எகிப்தில் நைல் கரையில் வளரும் இன்னொரு செடியிலும் இதே குடும்பத்துப் பொருள் உண்டு. அதிலிருந்து பிரித்தெடுத்த பொருளை 1940களில் வெண்புள்ளிக்காரர்களுக்குக் கொடுத்துப் பார்த்தவர் எல் மொஃப்டி என்ற எகிப்திய தோல் மருத்துவர். 1974-இல் அமெரிக்காவின் பாஸ்டன் மருத்துவர்கள் சோராலெனையும் புற ஊதா ஏ விளக்கையும் சேர்த்து சோரியாசிஸுக்குச் சிகிச்சை கொடுத்துக் காட்டினார்கள். உலகம் முழுக்க ‘பூவா’ என்ற பெயரில் அது பரவியது.

ஆக, நீங்கள் பெண்ணுக்குக் கொடுப்பதும் பூவாதான். டாக்டர் இல்லாத பூவா.

ஆஸ்பத்திரியில் அதை எப்படிக் கொடுப்பார்கள் தெரியுமா? மருந்துக்கு அளவு உண்டு. விளக்கிலிருந்து வரும் கதிருக்கும் அளவு உண்டு. முதல் நாள் மிகக் குறைவாகத் தொடங்கி, தோல் எப்படி ஏற்கிறது என்று பார்த்த பிறகுதான் படிப்படியாகக் கூட்டுவார்கள். மருந்தை வாய்வழி சாப்பிட்டவர் என்றால் 24 மணி நேரம் கண்ணுக்குக் கண்ணாடி போட்டிருக்க வேண்டும். தோலில் பூசுவது இன்னும் சீக்கிரம் சுட்டுவிடும் என்பதால் அதில் கூடுதல் ஜாக்கிரதை. உங்கள் அம்மா அனுப்பும் பாட்டிலில் சோராலென் எவ்வளவு இருக்கிறது என்று அவருக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. எண்ணெயை ஒரு தடவை காய்ச்சும்போது கூடும், இன்னொரு தடவை குறையும். ஊரில் பொறுப்பான சித்த வைத்தியர் யாரிடமாவது போய், இதைத் தடவி சன்பெட்டில் படுக்க வைக்கட்டுமா என்று கேட்டுப் பாருங்கள். உங்களைத் திட்டித்தான் அனுப்புவார்.

கடையில் இருக்கும் விளக்கையும் தெரிந்துகொள்ளுங்கள். ஒளியை வைத்து நோயைக் குணப்படுத்துவது பழைய வித்தைதான். தோலில் வரும் காசநோய்க்கு விளக்கொளியால் சிகிச்சை செய்த டென்மார்க் மருத்துவர் நீல்ஸ் ஃபின்சென், 1903-இல் நோபல் பரிசே வாங்கினார். ஆனால் உங்கள் தெருமுனைக் கடை அந்த வழியில் வந்தது இல்லை. 1970களில் ஜெர்மனியில் ஃப்ரீட்ரிக் வோல்ஃப் என்பவர் உருவாக்கிய படுக்கை விளக்குகளிலிருந்து வளர்ந்த வியாபாரம் அது. வெயில் குறைந்த நாட்டு வெள்ளைக்காரர்களுக்குக் காசுக்குப் பழுப்பு நிறம் ஏற்றுவதுதான் அதன் வேலை. அந்த டியூப்களிலிருந்து வருவதில் பெரும்பங்கு புற ஊதா ஏ. சோராலெனை எழுப்பிவிடுவதும் அதே கதிர்தான். தெரியாத்தனமாக நீங்கள் ரொம்பப் பொருத்தமாகச் சேர்த்துவிட்டீர்கள், அதனால்தான் பயமாக இருக்கிறது.

இன்னொன்று. சாதாரண வெயில் சூடு அன்று மாலையே சிவந்து காட்டிக்கொடுத்துவிடும். சோராலென் சூடு உடனே தெரியாது. இரண்டு நாள், மூன்று நாள் கழித்துத்தான் உச்சத்துக்கு வரும். சனிக்கிழமை படுத்துவிட்டு வந்தவள் ஞாயிறு நன்றாகத்தான் இருப்பாள். பரவாயில்லை என்று திங்கட்கிழமை மறுபடி கூட்டிப் போவீர்கள். சனிக்கிழமைச் சூடு அப்புறம்தான் வெளியே வரும், அதன்மேல் திங்கட்கிழமைச் சூடும் ஏறும். இரண்டு வாரமாக எரிகிறது என்று பெண் சொல்லியும் நிமிடத்தைக் கூட்டட்டுமா என்று எனக்குக் கடிதம் எழுதுகிறீர்களே, அவள் முகத்தைப் பார்த்தீர்களா இல்லையா? நிறுத்திய பிறகும் சில நாள் அவள் தோலில் வெயில் படவிடாதீர்கள். ஜன்னல் ஓரத்தில் உட்கார வைக்காதீர்கள், இந்தக் கதிர் கண்ணாடி வழியாகவும் வரும். எரிகிற இடத்தில் மஞ்சள், கற்றாழை என்று இன்னொன்றைப் பூசவும் வேண்டாம்.

சரி, நிறமாவது வருமா? வெண்புள்ளி உள்ள இடத்தில் நிறமி செல்களே இல்லை. சன்பெட் போட்டால் சுற்றியிருக்கும் நல்ல தோல் கறுக்கும், புள்ளி அப்படியே நிற்கும். முன்பு அருகில் வந்தால்தான் தெரிந்தது இனி தூரத்திலிருந்தே தெரியும். அதோடு, வெண்புள்ளிக்காரர்களுக்குத் தோலில் அடியோ சூடோ பட்ட இடத்தில் புதிய புள்ளி வருவதுண்டு. ஆகஸ்டுக்குள் மறைக்கப் போய் ஆகஸ்டுக்குள் பெருக்கி வைத்துவிடுவீர்கள். கண் இமையைப் பற்றித் தனியாக எழுதவே எனக்குக் கை வரவில்லை. உடம்பிலேயே மெல்லிய தோல் அது, அதற்குப் பின்னால் கண் இருக்கிறது. பாதுகாப்புக் கண்ணாடி பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு வார்த்தை இல்லை. கண் டாக்டரிடமும் ஒரு முறை காட்டிவிடுங்கள்.

அடுத்தது அந்த 18. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 18 வயது ஆகாத ஒருவரைக் கடைக்காரர் சன்பெட்டில் படுக்க விடுவது 2011 ஏப்ரலிலிருந்து குற்றம். 2010-இல் இதற்கென்றே சட்டம் போட்டார்கள். அதற்கு முந்தைய ஆண்டுதான் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு சன்பெட்டைப் புகையிலையும் ஆஸ்பெஸ்டாசும் இருக்கும் முதல் வரிசையில் சேர்த்தது. பிரேசில் அதே 2009-இல் அழகுக்கான சன்பெட்டை அடியோடு தடை செய்தது. ஆஸ்திரேலியாவில் கிளேர் ஆலிவர் என்ற மெல்போர்ன் பெண், மெலனோமா என்ற தோல் புற்றுநோய் முற்றிய நிலையில், என்னைப் பார்த்தாவது சன்பெட்டுக்குப் போகாதீர்கள் என்று ஊடகங்களில் மன்றாடிவிட்டு, 2007-இல் 26 வயதில் இறந்துபோனார். அதற்குப் பிறகுதான் அங்கே கட்டுப்பாடுகள் இறுகி, 2015 தொடக்கத்தில் பெரிய மாநிலங்களில் கடைகளையே மூடினார்கள். நம் பழுப்புத் தோலுக்கு அந்தப் புற்றுநோய் ஆபத்து வெள்ளைத் தோலைவிடக் குறைவு என்பது உண்மை. அதனால் புற்றுநோயைக் காட்டி உங்களை மிரட்ட எனக்கு விருப்பமில்லை. ஆனால் இத்தனை பேர் பட்டுத் தெரிந்துகொண்ட பிறகு ஒரு சட்டம் உங்கள் பெண்ணுக்கும் சேர்த்துக் காவல் நின்றது. அவளைப் பெற்ற நீங்களே வயதை மாற்றிச் சொல்லி அந்தக் காவலை விலக்கிவிட்டீர்கள்.

கடைக்காரரிடம் ஒரு பொய். நர்ஸிடம் ஒரு பொய். வீட்டுக்காரரிடம் ஒன்றரை மாத மௌனம். சம்பந்தி வீட்டாரிடமும் அதே. இவ்வளவையும் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருப்பது 17 வயதுப் பெண். தன் உடம்பு வெளியே சொல்லக்கூடாத ஒன்று என்பதை அவள் உங்களிடமிருந்து நன்றாகவே கற்றுக்கொண்டிருப்பாள். கடிதம் முழுக்கத் தேடினேன். அவள் பேசியது ஒரே ஒரு வாக்கியம், கழுத்து எரிகிறது என்று. அதையும் நீங்கள் காதில் வாங்கவில்லை.

கல்யாணம் மூத்தவளுக்கு. அவளிடம் கேட்டீர்களா? தன் கல்யாண ஆல்பத்துக்காகத் தங்கையைச் சுட்டு வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்தால் அந்தப் பெண் மணவறையில் நிம்மதியாக உட்காருவாளா? ஒரு வீட்டில் இரண்டு பெண் இருந்தால் தாய்க்கு இரண்டு பேரும் ஒன்றுதான். ஒருத்தியை வாழ வைக்க இன்னொருத்தியைச் செலவழிப்பதை எந்தச் சம்பந்தத்துக்காகவும் என்னால் ஒப்புக்கொள்ள முடியாது.

இன்று ராத்திரியே உங்கள் வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொல்லுங்கள். கோபப்படுவார், படட்டும். அவர் அவளுக்கு அப்பா. இந்த வாரத்துக்குள் அவரே சம்பந்திக்குப் போன் போட்டு, இளையவளுக்கு வெண்புள்ளி இருக்கிறது, ஒட்டிக்கொள்கிற நோய் இல்லை, சிலருக்குக் குடும்பவழியாக வருவதும் உண்டு என்று நேராகச் சொல்லட்டும். தாலி ஏறுவதற்கு முன் தெரிந்துகொள்வது அவர்களுக்கு உரிமை. சொன்ன பிறகு அவர்கள் விலகினால் விலகட்டும், நான் வருத்தப்பட மாட்டேன். நாளைக்கு உங்கள் மூத்தவளின் குழந்தைக்கு ஒரு புள்ளி வந்தால் அந்த வீடு எப்படி நடந்துகொள்ளும் என்பது இப்போதே தெரிந்துவிடும் இல்லையா? உங்கள் அம்மாவிடமும் பேசுங்கள். அவரைக் குற்றம் சொல்லாதீர்கள். பேத்திக்காக விதையை வாங்கிக் காய்ச்சி, கடல் தாண்டி அனுப்புகிற பாசம் அது. விளக்கு விஷயம் அவருக்கு என்ன தெரியும்? இனி அனுப்ப வேண்டாம் என்று மட்டும் சொல்லுங்கள்.

நாளைக்கு அந்த நர்ஸுக்குப் போன் செய்து, அன்று பொய் சொன்னேன் என்று ஆரம்பியுங்கள். பாட்டிலைக் கையோடு எடுத்துப் போங்கள். சூடு ஆறும்வரை அவர்களும் லைட் சிகிச்சையைத் தள்ளிப்போடக்கூடும். அங்கே தருவது பெரும்பாலும் 311 நானோமீட்டர் அளவில் வரும் குறுகிய புற ஊதா பி கதிர். கடைக் கதிர் வேறு, இது வேறு. வாரம் இரண்டு, மூன்று தடவை என்று போனாலும் பலன் கண்ணுக்குத் தெரியவே மூன்று மாதமாவது ஆகும். முதலில் புள்ளியின் நடுவில், முடி வேரைச் சுற்றிக் குட்டிக் குட்டிப் பழுப்புப் பொட்டுகள் தோன்றும். முடி வேரில் மிச்சமிருக்கும் நிறமி செல்கள் மேலே ஏறி வருவதுதான் அது. முகமும் கழுத்தும் சிகிச்சைக்கு நன்றாகக் கேட்கும். இமைக்கு டாக்ரோலிமஸ் போன்ற களிம்பு சரிப்படுமா என்று கேளுங்கள். எப்படியும் ஆகஸ்டுக்குள் முடிகிற காரியம் இல்லை. கல்யாணத்துக்கு அவள் புள்ளியோடுதான் வருவாள். மறைத்துக்கொள்ள அவளே விரும்பினால், தோலின் நிறத்துக்கு ஏற்ற பூச்சைத் தேர்ந்தெடுத்துப் போடக் கற்றுத்தரும் சேஞ்சிங் ஃபேசஸ் என்ற தொண்டு நிறுவனம் பிரிட்டனில் இருக்கிறது. ரவிக்கைக் கழுத்து எவ்வளவு இறங்க வேண்டும் என்பதையும் அவள் முடிவு செய்யட்டும்.

45 நிமிட பஸ்ஸில் நீங்களும் கூடப் போங்கள். ஆனால் அதற்கு முன், இந்தச் சிகிச்சை அவளுக்கு வேண்டுமா என்று கேளுங்கள். 16 முடிந்தவர் தன் சிகிச்சைக்குத் தானே சம்மதம் சொல்லலாம் என்பது நீங்கள் வாழும் நாட்டின் சட்டம். அவள் வேண்டாம் என்றால் இன்னொரு பாட்டிலைத் தேடாமல், சரி என்று சொல்லிவிட்டு ஊருக்கு டிக்கெட் போடுங்கள். நாலு பேருக்கும் சேர்த்து.